இருபது கேள்வியும் ஒரு பாட்டியும்

தலைமை ஏற்றிருக்கும் சமூக மன்றத் தலைவர் அவர்களே, கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகக் குழுக்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நாற்காலி அடுக்கிய தொண்டூழியர்களே, வணக்கம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த தமிழாசிரியர் அம்மாவுக்குத் தனி வணக்கம். இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தவர்.

மூன்று செய்திகள் பேச வந்தேன்: இணைய வினாடிவினா, சமயம் வேண்டாம் என்னும் நம் சிங்கப்பூர் இளையர்கள், வீட்டுத் தமிழ்.

பிலீஃப்நெட் என்னும் அமெரிக்கத் தளத்தில் ‘பிலீஃப்-ஓ-மேடிக்’ என்று ஒரு வினாடிவினா உண்டு. இருபது கேள்வி. கடவுள் ஒருவரா, பலரா? இறந்தபின் என்ன? துன்பம் ஏன்? ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்றும் குறிக்க வேண்டும். முடிவில் 27 சமயப் பிரிவுகளை வரிசைப்படுத்தி, எது எத்தனை விழுக்காடு பொருந்துகிறது என்று காட்டும். திரையில் வரும் விழுக்காடு வாழ்க்கைக்கு ஆகுமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

எங்கள் புளோக்கில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். அவளுக்கு, பல சமயக் கருத்துகளுக்கும் இடம்கொடுக்கும் ‘யூனிடேரியன் யுனிவர்சலிசம்’ என்னும் பிரிவு முதலிடத்தில் வந்தது. கைப்பேசியைப் பாட்டியிடம் நீட்டினாள். “அதுக்குக் கோயில் எங்கடி இருக்கு? சோறு போடுவாங்களா?” என்றார் பாட்டி. வீடே சிரித்தது. அப்புறம் பாட்டி, “சரி, அதே கேள்வியை என்கிட்டக் கேளு” என்று உட்கார்ந்துவிட்டார். பாட்டி வாட்டர்லூ தெரு கிருஷ்ணன் கோயிலுக்குப் போனால் பக்கத்துச் சீனக் கோயிலான குவான் இம் கோயிலிலும் கும்பிட்டுவிட்டுத்தான் எம்ஆர்டி ரயில் ஏறுவார். அவருக்கு எத்தனை விழுக்காடு வருமோ! ஆனால் பேத்தியால் மூன்றாவது கேள்வியைத் தாண்ட முடியவில்லை. ‘மறுபிறவி’, ‘வினைப்பயன்’, எதற்கும் தமிழ் வரவில்லை. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

இதுதான் என்னைத் தூங்கவிடாத செய்தி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவர் ‘சமயம் இல்லை’ என்றார்கள். அது அவரவர் விருப்பம். அதே கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. 2010இல் 3.3. பள்ளியில் தமிழ் இருக்கிறது, தேர்வில் மதிப்பெண் வருகிறது. வீட்டில் பேசாவிட்டால் அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான். பிள்ளைகள் என்ன நம்பினாலும் நம்பட்டும். அதைத் தாத்தா பாட்டியிடம் தமிழில் சொல்லத் தெரிய வேண்டும்.

அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு மாலைகளில் இதே கூடத்தில் பேரப்பிள்ளையும் பெரியவரும் சேர்ந்து பேசும் வட்டம் நடத்தத் தலைவர் இடம் தந்திருக்கிறார். இரண்டு பேராக வாருங்கள், வாசல் மேசையில் பெயர் கொடுங்கள்.