குச்சி கட்டுவதும் தொண்டுதான்

நடுவர் அவர்களே, ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலராகப் போனால் மிஞ்சுவது அலுப்பா, நிறைவா? நான் நிறைவின் பக்கம்.

எதிரணி அண்ணன் அலுப்பை அடுக்கினார். 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வி என்ற அரசின் மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய்தான் கொடுத்தார்கள் என்றார். 20 பிள்ளைகளில் 12 பேர்தான் வருகிறார்கள், மாசி பங்குனித் திருவிழா வந்தால் அதுவும் இல்லை என்றார். மறுக்கவில்லை. ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள்: "வள்ளல் அழகப்பர் 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினாரே, அது தொண்டு. சாயங்காலம் உட்கார்ந்து விளக்கமாற்றுக் குச்சி கட்டுவதெல்லாம் தொண்டா?" நீங்களும் கைதட்டினீர்கள்.

மற்றதெல்லாம் இருக்கட்டும். அந்தக் குச்சிக்கே வருகிறேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 42-ல் 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் 35 என்று எழுதும். 2-ல் 7 போகாது. அதனால் 7-ல் 2 போக 5, 4-ல் 1 போக 3. பிள்ளை மக்கு இல்லை நடுவர் அவர்களே! 'பெரியதில் சின்னதைக் கழி' என்று நாம் சொன்னதைத்தான் செய்கிறது. 'பக்கத்தில் கடன் வாங்கு' என்று பலகையில் கத்திப் பாருங்கள், மறுபடி 35. யாரிடம் வாங்குவது, எதை வாங்குவது என்று அதற்குத் தெரியாதே!

இப்போது ஈர்க்குச்சியை எடுங்கள். நாலு அங்குல நீளத்தில் நறுக்கி, இரண்டு பிள்ளைக்கு 60 குச்சி. முனை குத்தும், தரையில் தேய்த்துவிட வேண்டும். பத்துப் பத்தாகப் பிள்ளைதான் எண்ணிக் கட்ட வேண்டும். நாம் கட்டிக் கொடுத்தால் அதன் கண்ணுக்கு அது பத்து அல்ல, வெறும் கட்டு. ரப்பர் பேண்டு நம் ஊர் வெயிலில் இற்றுவிடும். நூலில் சுருக்கு முடிச்சுப் போடுங்கள். ஒரு கட்டில் ஒன்பது இருந்துவிட்டால் அன்றைய பாடமே பாழ்.

நாலு கட்டு, ரெண்டு உதிரி. பதினேழு கேட்கிறோம், முதலில் ஏழு. பிள்ளை உதிரியைப் பார்க்கிறது. கட்டைப் பார்க்கிறது. நம்மைப் பார்க்கிறது. வாய் திறக்கக் கூடாது! அலுப்பு என்றாரே அண்ணன், அது இந்த ஒரு நிமிடம்தான். அந்தச் சின்ன விரல் நூலின் நுனியைப் பிடித்து ஓர் இழு இழுக்கும். பத்தும் பொலபொலவென்று உதிரும். பன்னிரண்டு! ஏழு போக அஞ்சு. மூணு கட்டில் ஒன்று போக ரெண்டு. இருபத்தைந்து! அண்ணே, அழகப்பர் கல்லூரிப் படியேற வேண்டிய பிள்ளை முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இது.

திருவிழா முடிந்து வந்தால் மறுபடி 35 எழுதும். மறுபடி கட்டுங்கள்.

ஆச்சி, நினைத்துப் பாருங்கள். அப்பத்தா 50 ரூபாய் கொடுத்து 32 ரூபாய்ச் சாமானுக்கு அனுப்புகிறார். பள்ளிக்கூடம் போகாத மனுஷி, ஆனால் மனக்கணக்கில் கெட்டி. "மிச்சம் எவ்வளவுடா வாங்குவே?" போன மாதம் வரை 22 என்ற பிள்ளை, திண்ணையில் நின்று விரலால் காற்றில் ஒரு முடிச்சை இழுத்துவிட்டு, "பதினெட்டு அப்பத்தா" என்கிறது. அப்பத்தா கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறிக்கிறார். "யாருடா சொல்லிக் கொடுத்தா?"

பிள்ளை மூலையில் சாத்தியிருக்கும் விளக்கமாற்றைக் காட்டுகிறது.