ஐந்து மாடிக்குள் 18,857 கம்பெனி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நாடு விட்டு நாடு பாயும் வெளிநாட்டு நேரடி முதலீடு காட்டுவது நிஜ வளர்ச்சியா, வெறும் கணக்கா? இதுதான் தலைப்பு. ஒரு நாட்டுக்காரர் இன்னொரு நாட்டில் தொழில் தொடங்கவோ, அங்குள்ள கம்பெனியில் கணிசமான பங்கு வாங்கவோ போடும் பணம்தான் இந்த நேரடி முதலீடு. வெறும் கணக்குதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1990களின் கடைசியில் இன்டெல் அங்கே சிப் ஆலை திறந்தது, நாட்டின் ஏற்றுமதியே மாறிப்போனது என்றார். உண்மைதான், மறுக்கவில்லை. 2014-இல் அதே இன்டெல் அந்த உற்பத்தியை ஆசியாவுக்கு மாற்றுவதாக அறிவித்ததை மட்டும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். பிற்பாடு திரும்பி வந்தது என்பார், வரட்டும், மகிழ்ச்சி!

ஆனால் உலக முதலீடு முழுக்க கோஸ்டாரிகா அல்லவே! ஐரோப்பாவின் குட்டி நாடு லக்சம்பர்க்கைப் பாருங்கள். 2019-இல் மக்கள்தொகை சுமார் 6 லட்சம். அங்கே இருப்பதாகக் கணக்கில் உள்ள வெளிநாட்டு முதலீடு 4 லட்சம் கோடி டாலர் என்று அந்த ஆண்டு சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை சொன்னது. கிட்டத்தட்ட அமெரிக்காவுக்குச் சமம். ஆளுக்கு 66 லட்சம் டாலர்! இத்தனை பணத்துக்கும் ஆலை கட்டியிருந்தால் அந்த ஊரில் மனிதர் நிற்க இடம் இருக்குமா? உலகின் நேரடி முதலீட்டில் ஏறக்குறைய 40 சதவீதம் இப்படித் தொழில் எதுவும் நடக்காத, பெயருக்கு மட்டும் இருக்கும் வெற்றுக் கம்பெனிகள் வழியாகப் போகும் மாய முதலீடு என்பதும் அதே கட்டுரைதான்.

கரீபியன் கடலிலுள்ள கேமன் தீவுகளில் உக்லண்ட் ஹவுஸ் என்று ஒரு கட்டடம். ஐந்தே மாடி. 2008-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு எண்ணிப் பார்த்தது: அந்த ஒரே முகவரியில் 18,857 நிறுவனங்கள். நாற்காலி போடக்கூட இடம் போதாது. அதனால் என்ன, உட்கார ஆள் இருந்தால்தானே நாற்காலி வேண்டும்?

இந்தியாவுக்கு வரும் முதலீட்டில் பல ஆண்டுகள் மொரீஷியஸ்தான் முதலிடம். அந்தச் சின்னத் தீவில் அவ்வளவு கோடீஸ்வரர்களா? இல்லை. 1983-இல் நடைமுறைக்கு வந்த வரி ஒப்பந்தப்படி, மொரீஷியஸ் கம்பெனி இந்தியப் பங்கை விற்று எடுத்த லாபத்துக்கு அப்போது இந்தியா வரி போட முடியவில்லை, மொரீஷியஸும் போடவில்லை. யாருடைய பணமானாலும் அந்த வாசல் வழியாக நுழைந்தது. இந்தியாவிலிருந்தே வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பிய பணமும் உண்டு என்ற சந்தேகம் வெகுகாலம் இருந்தது. 2016-இல் அந்த வாசலை அடைக்க ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2018-19-இல் பார்த்தால் சிங்கப்பூர் முதலிடத்தில்!

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியை வெளிநாட்டுக்காரர் விலைக்கு வாங்கினாலும் நேரடி முதலீடுதான். அந்தக் கம்பெனியின் பங்குதாரர் வாக்குரிமையில் 10 சதவீதம் கையில் வந்தால் போதும். ஒரு செங்கல் கூடவில்லை, ஓர் ஆளுக்குப் புதிதாக வேலை இல்லை. கணக்கு மட்டும் ஏறிவிடும்.

எதிரணிக்கு ஒரே கேள்வி. சிறப்பு நோக்க நிறுவனங்கள், அதாவது நான் சொன்ன வெற்றுக் கம்பெனிகள் போன்றவை, வழியாகப் போகும் பணத்தைத் தனியே பிரித்துக் காட்டுங்கள் என்று, வளர்ந்த நாடுகள் பல சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடி, இந்த முதலீட்டைக் கணக்கிட வெளியிட்ட வரையறை நூலே சொல்கிறது. கணக்கு எழுதுபவர்களுக்கே நம்பிக்கையில்லாத கணக்கை எந்தத் தைரியத்தில் சாட்சிக்கு அழைத்து வந்தீர்கள்?