பில் பாஸ் ஆயிடுச்சுன்னா பழைய கேஸ் போயிடுமா? நியூயார்க் க்ளீன் ஸ்லேட் சட்டம், நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். நியூயார்க், க்வீன்ஸ்ல இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார். அவங்க பகுதி ஸ்டேட் அசெம்ப்ளி மெம்பர் அனுப்பின அப்டேட்ல க்ளீன் ஸ்லேட் சட்டம் பத்தி, அதாவது பழைய கேஸ் ரெக்கார்டைத் தானா சீல் பண்ணி மத்தவங்க பார்வையில இருந்து மறைக்கற சட்டத்தைப் பத்தி எழுதியிருக்காங்க, அதுக்குக் கீழேயே லைப்ரரியில இலவச சட்ட முகாம்னு ஒரு வரி. இவருக்கு 2014ல கடையில பொருள் எடுத்ததா ஒரு மிஸ்டிமீனர், அதாவது சின்னக் குற்ற வழக்கு, அபராதம் கட்டினதோட முடிஞ்சுது. “தானா அழிஞ்சிடும்னா முகாமுக்கு ஏன் போகணும்? சிட்டிசன்ஷிப் போடப் போறேன், இனிமே அதைச் சொல்ல வேண்டாம்தானே?”ன்னு கேக்கறார்.

கடைசிக் கேள்விக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும். சொல்லியே ஆகணுங்க. இது மாநிலச் சட்டம், குடியுரிமை மத்திய அரசு கையில இருக்கு. மாநிலம் சீல் பண்ணினாலும் இமிக்ரேஷன் கணக்குல அது தண்டனையாத்தான் நிக்கும். சிட்டிசன்ஷிப்புக்குப் போடற என்-400 பாரம் சீல் பண்ணின கேஸையும் சேர்த்தே கேக்குது. மறைச்சா, பழைய சின்னக் குத்தத்தைவிட அந்தப் பொய்தான் பெரிய வினை. திருட்டு சம்பந்தப்பட்ட கேஸ்னா, பாரத்தை அனுப்பறதுக்கு முன்னாடியே இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட காட்டிடுங்க. கிரீன் கார்டுக்கே ஆபத்து வருமான்னு அவர் பார்த்துச் சொல்லணும்.

இப்ப பில்லுக்கு, அதாவது சட்ட மசோதாவுக்கு வருவோம். “பாஸ் ஆயிடுச்சு”ங்கற ஒரு வார்த்தையிலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. அசெம்ப்ளியில 150 பேர், செனட்ல 63 பேர். ரெண்டு சபையிலயும் எழுத்து மாறாம ஒரே வாசகம் நிறைவேறணும். க்ளீன் ஸ்லேட் பில்லோட நம்பர் அசெம்ப்ளியில ஏ1029-சி. அந்தக் கடைசி ‘சி’ இருக்கே, மூணு தடவை திருத்தினாங்கன்னு அர்த்தம். அப்ப முதல் வாசகத்தைப் படிச்சிட்டு யாராவது விளக்கம் சொன்னா அது தப்பாப் போகலாம். இந்த பில் 2023 ஜூன்ல ரெண்டு சபையிலயும் பாஸ் ஆச்சு. கவர்னர் ஹோக்கல் கையெழுத்துப் போட்டது நவம்பர் 16. அமலுக்கு வந்தது 2024 நவம்பர் 16. பழைய கேஸையெல்லாம் தேடி சீல் பண்ண கோர்ட் நிர்வாகத்துக்குக் கொடுத்த கெடு 2027 நவம்பர் 16. ஆக, பாஸ் ஆன நாளுக்கும் உங்க கேஸ் மூடற நாளுக்கும் நடுவுல நாலு வருஷத்துக்கு மேலகூட ஆகலாம். அப்டேட்ல எந்த பில்லைப் பார்த்தாலும், கையெழுத்து ஆச்சா, எப்ப அமல்னு ரெண்டையும் பாருங்க.

மிஸ்டிமீனர்னா தண்டனை விதிச்ச நாள்ல இருந்து 3 வருஷம், ஃபெலனின்னா, அதாவது பெரிய குற்றம்னா, 8 வருஷம். ஜெயிலுக்குப் போயிருந்தா வெளிய வந்த நாள்ல இருந்து கணக்கு. ப்ரோபேஷன், பரோல்னு அதிகாரிங்க கண்காணிக்கற காலம் முடிஞ்சிருக்கணும், வேற கேஸ் நிலுவையில இருக்கக் கூடாது. பாலியல் குற்றங்களும், போதைப்பொருள் அல்லாத ‘ஏ’ வகுப்பு ஃபெலனிகளும் இதுல வராது. வேற மாநில கேஸ், ஃபெடரல் கேஸ் எதையும் இது தொடாது. உங்க கேஸுக்கு மூணு வருஷம் எப்பவோ தாண்டிடுச்சு. மனு வேண்டாம், கட்டணமும் கிடையாது.

ஆனா சீல் வேற, அழிக்கறது வேற. சீல் ஆனதும் சாதாரண வேலைக்கு அந்தக் கேஸ் இல்லாத மாதிரியே பதில் சொல்லலாம், சட்டம் அதுக்குப் பாதுகாப்புக் கொடுக்குது. போலீஸ் வேலை, துப்பாக்கி லைசென்ஸ், குழந்தைகள், முதியவங்களோட பண்ற, கைரேகை சோதனை கேக்கற வேலைகள், இங்கெல்லாம் தெரியத்தான் செய்யும்.

தானா நடக்கும்னாலும் முகாமுக்குப் போங்க. காரணம் ரெக்கார்ட்ல இருக்கற தப்பு. கேஸ் முடிஞ்ச தகவலைக் கோர்ட், குற்ற ரெக்கார்டு வச்சிருக்கற மாநில அலுவலகமான டிசிஜேஎஸ்க்கு அனுப்பாம விட்டிருந்தா, பத்து வருஷம் ஆனாலும் அது நிலுவைன்னே காட்டும், சீல் ஆகறது அங்கயே சிக்கிக்கும். அதனால டிசிஜேஎஸ்கிட்ட கைரேகை கொடுத்து உங்க ரெக்கார்டை முன்னாடியே வாங்கி வையுங்க. 95 டாலர் கட்டி கோர்ட் நிர்வாகத்துல தேடறது இதுக்கு உதவாது. அது பேரையும் பிறந்த தேதியையும் அப்படியே பொருத்திப் பாக்கற தேடல். நம்ம பேர்ல அது சரியா வராதுங்க. பாஸ்போர்ட்ல ஒரே பேர்னா அமெரிக்கக் காகிதத்துல முன்னாடி ‘எஃப்என்யூ’ன்னு, அதாவது முதல் பேர் தெரியாதுன்னு விழும். ஒரு இடத்துல அப்பா பேர் குடும்பப் பேரா இருக்கும், இன்னொரு இடத்துல உங்க பேரே குடும்பப் பேரா இருக்கும். கைது பண்ணின அன்னிக்கு போலீஸ் எந்த ஸ்பெல்லிங்ல அடிச்சாங்களோ, அந்த ஸ்பெல்லிங்லதான் கேஸ் இருக்கும்.

இன்னொண்ணு, இதைத் தள்ளிப் போடாதீங்க. சர்டிஃபிகேட் ஆஃப் டிஸ்பொசிஷன், அதாவது கேஸ் எப்படி முடிஞ்சதுங்கற கோர்ட் சான்றிதழ், அதை இப்பவே வாங்கிடுங்க. நியூயார்க் நகர கிரிமினல் கோர்ட்ல 10 டாலர். டாக்கெட் நம்பர், அதாவது கோர்ட்ல உங்க கேஸுக்குப் போட்ட நம்பர், கொண்டு போனா வேலை சுலபம். சிட்டிசன்ஷிப் இன்டர்வியூல இதைத்தான் கேப்பாங்க. சீல் ஆன பிறகும் உங்களுக்குக் கொடுப்பாங்க, ஆனா அடையாளம் காட்டி, ஃபைலை எடுத்து வரச் சொல்லின்னு கொஞ்சம் அலையணும். ரெண்டு மூணு பிரதி வாங்கி வையுங்க.

2027 வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னா பழைய வழி ஒண்ணு இருக்கு, நியூயார்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 160.59 பிரிவுல மனு போட்டு சீல் பண்றது. தண்டனை ஆகி 10 வருஷம் தாண்டியிருக்கணும், மொத்தம் ரெண்டு தண்டனைக்கு மேல இருக்கக் கூடாது, அதுல ஃபெலனி ஒண்ணுதான் இருக்கலாம். இதுக்கு மனு போடணும், ஜட்ஜ்தான் முடிவு பண்ணுவார். 2014 கேஸ்ங்கறதால உங்களுக்கு இது திறந்திருக்கு. முகாம்ல உக்காரற வக்கீல்கிட்ட மனுவை அங்கேயே எழுதித் தருவாங்களான்னு கேளுங்க.

முகாமுக்கு முன்னாடி மெம்பர் ஆபீஸுக்கு ஒரு போன் போடுங்க. வக்கீல் வர்றாங்களா, இல்ல தகவல் மட்டும்தானா, இமிக்ரேஷன் தெரிஞ்சவங்க இருப்பாங்களா, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு பண்ண முடியுமான்னு கேட்டுக்கோங்க. உங்க கேஸ்ல ஜட்ஜ்கிட்ட பேசச் சொல்லி மட்டும் அவங்களைக் கேக்காதீங்க, அது அவங்களால முடியாது.