எல்.கே.ஜி டீச்சர் வேலைக்கு எந்தப் படிப்பு? பணம் கட்டுமுன் இதைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு மீன்குழம்பும் இல்லை, திற்பரப்பு அருவியும் இல்லை. கோபம் வந்தால் நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் பேசுவேன், உங்களுக்கே தெரியும். தக்கலை பக்கம் ஒரு சாயாக்கடை முன்னால் நிற்கிறேன், பஸ் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓண வீடியோவில் அத்தப்பூ போட்டாளே, எங்கள் அண்ணன் மகள், அவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கத்தான் ஆசை. நாகர்கோவிலில் ஒரு பயிற்சி நிலையம், பெயர் வேண்டாம். ஒரு வருட மாண்டிசோரி படிப்பு (பிள்ளைகள் தாங்களாகவே பொருட்களைக் கையாண்டு கற்கிற முறை), 'அரசுப் பள்ளி எல்.கே.ஜி.யில் வேலை உறுதி' என்று நோட்டீஸ். கட்டணம் 28,000 ரூபாய். அதோடு விட்டார்களா? யூனிஃபார்ம் சேலை 1,800. கிட் பாக்ஸ் 2,500. அடையாள அட்டைக்கு 300! ஒரு அட்டை, ஒரு கழுத்துக் கயிறு, அதற்கு முந்நூறு ரூபாயா? வடசேரியில் ஒரு கடையில் கேட்டேன், கயிறோடு சேர்த்து 60 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்கள். மைனி, அதாவது அண்ணன் மனைவி, 5,000 அட்வான்ஸும் சேலைக் காசும் கட்டிய பிறகுதான் எனக்குப் போன் பண்ணினார்கள்.

மாண்டிசோரி முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதில் குறை சொல்லவில்லை. என் சண்டை அந்த நோட்டீஸோடுதான். ஆசிரியர் தகுதியை முடிவு செய்வது என்.சி.டி.இ, அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். 2014-இல் அது போட்ட விதிப்படி, மழலையர் வகுப்பு ஆசிரியருக்குப் பிளஸ் டூவும், அதற்கு மேல் குறைந்தது இரண்டு வருட மழலையர் கல்வி டிப்ளமோவும் வேண்டும். இல்லையென்றால் பி.எட் நர்சரி. படிக்கிற நிறுவனத்துக்கு என்.சி.டி.இ அங்கீகாரம் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது. தேடினேன், இந்த நிலையத்தின் பெயர் அதில் இல்லை. ஒரு வருடச் சான்றிதழை வைத்துக்கொண்டு 'உறுதி' என்று எப்படி அச்சடிக்கிறார்கள்?

டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுத வேண்டுமா என்று போன வீடியோவில் நிறைய பேர் கேட்டீர்கள். 2010-இல் என்.சி.டி.இ கொண்டுவந்த டெட், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆசிரியர்களுக்கு. 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு வருடத்துக்குள் தேற வேண்டும் என்று சொன்னதும் அந்த வகுப்புகளைப் பற்றித்தான். எல்.கே.ஜி, யு.கே.ஜி அதில் வராது.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். நான் சொன்ன மழலையர் ஆசிரியர் விதிப்படி பிளஸ் டூவில் வெறும் பாஸ் போதாது, 50 சதவீதம் வேண்டும். எங்கள் பிள்ளை அதைத் தாண்டிவிட்டாள்.

சரி, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் எல்.கே.ஜி எப்படி நடக்கிறது? 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் தொடங்கினார்கள். பாடம் எடுக்க இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். 2022-இல் நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்கள். மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்று அறிவித்தார்கள். மைனி கட்டிய அட்வான்ஸும் அதே 5,000!

இப்படி ஒரு வகுப்பை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அம்மா முந்திரி ஆலைக்குப் போயிருப்பார், ஆச்சி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். ஒரு குட்டிப் பையன் வாயே திறக்க மாட்டான். டீச்சர் அவனிடம் எதையும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையில் வைத்தார். நாலாவது கொட்டை விழுந்ததும் அவனாகவே 'நாலு' என்றான். எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் படித்துப் பழகி வருகிற வித்தை மக்களே. அதற்கு 5,000 ரூபாய் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தைப் பாருங்கள். ஏழைப் பகுதிகளில் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர்களிடம் பட்டமும் ஆசிரியர் சான்றிதழும் இருக்க வேண்டும் என்று 2000-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. கெடு 2004 செப்டம்பர். கெடு வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் பி-3 என்று தனிச் சான்றிதழ் வந்தது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் படிக்க உதவித்தொகை கொடுத்தார்கள். சம்பளத்தையும் பள்ளி ஆசிரியர்களுக்கு இணையாக்கினார்கள். தகுதி கேட்கிறவர்கள் அதற்கான கூலியையும் கொடுக்க வேண்டும், நம் ஊரிலும் அப்படித்தான் வேண்டும்.

இப்போது நல்ல செய்தி. அட்வான்ஸ் 5,000 முழுசாகத் திரும்ப வந்துவிட்டது! என்.சி.டி.இ பட்டியலைப் போனில் திறந்து மேசையில் வைத்து, 'உங்கள் பெயர் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்' என்று மட்டும்தான் கேட்டேன். அரை மணி நேரம் மானேஜர் வரவில்லை, ரசீது புத்தகம் காணோம் என்றெல்லாம் இழுத்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள், அங்கேயே எண்ணித்தான் பையில் போட்டேன்.

பிள்ளைக்கு இரண்டு வருட டிப்ளமோதான் பார்க்கிறோம். அங்கீகாரம் உள்ள இடத்தில் படித்தவர்கள் யாராவது இருந்தால், எங்கே படித்தீர்கள், எவ்வளவு செலவானது என்று எழுதுங்கள். சேலைக் காசு 1,800 இன்னும் வரவில்லை, தைத்தாகிவிட்டது என்கிறார்கள். அளவே எடுக்காமல் எப்படித் தைத்தார்கள்? திங்கள்கிழமை மைனியோடு மறுபடியும் போகிறேன்.