முடவாட்டுக்கால் பெரணி: புதைக்காதீர்கள், கட்டுங்கள்

[காட்சி: சந்தையில் குவித்து வைத்த கிழங்குகள்]

கொல்லிமலை, ஏற்காடு பக்கம் சூப்புக்கு விற்பார்களே, செம்பட்டை ரோமம் போர்த்திய முடவாட்டுக்கால், அது கிழங்கே அல்ல. பாறையிலும் மரத்திலும் ஒட்டிப் படரும் பெரணியின் தண்டு. தாவரவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. நேர் வெயில் விழாத கொல்லைப்புறத்தில் நன்றாக வரும்.

சூப்புக்கு விற்கும் வாடிய துண்டு தளிர்ப்பது அரிது. காட்டிலிருந்தும் பிடுங்கி வராதீர்கள். நர்சரியில், நுனி உயிரோடிருக்கும் 10 முதல் 15 செ.மீ. துண்டாகக் கேளுங்கள். ஓரிரு இலை இருந்தால் இன்னும் நல்லது.

[காட்சி: மாமரத்தில் தண்டைக் கட்டுதல்]

மண்ணில் புதைத்தால் தண்டு அழுகிவிடும். அதற்குக் காற்று வேண்டும். சொரசொரப்பான பட்டையுள்ள மாமரம் இருந்தால் போதும். ஈரத் தேங்காய் நாரை ஒரு கைப்பிடி பரப்பி, அதன்மேல் தண்டைப் படுக்க வைத்து, பருத்திக் கயிற்றால் கட்டுங்கள். வேர் பட்டையைப் பிடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆடக் கூடாது. ஆடினால் புது வேர் அறுந்துபோகும்.

மரம் இல்லையா? அகலமான தொட்டியில் தேங்காய் மட்டைத் துண்டு 2 பங்கு, அடுப்புக்கரி 1 பங்கு, மக்கிய இலை 1 பங்கு. மட்டையை ஒரு நாள் ஊறவைத்து, உப்பு போக அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தண்டு கலவைக்கு மேலேயே கிடக்கட்டும்.

[காட்சி: பழுப்பு இலை, அருகில்]

இந்தச் செடிக்குக் கத்தரிக்கோலும் ஒரு எதிரிதான். இதில் இரண்டு வகை இலை. நீண்டு வெட்டுப்பட்ட பச்சை இலை உணவு தயாரிக்கும். அடியில் தண்டை அணைத்திருக்கும் குட்டை இலை சீக்கிரமே பழுத்துக் காய்ந்து, ஆனால் உதிராமல் நிற்கும். மேலிருந்து விழும் சருகை அது பிடித்து வைக்க, சருகு மக்கி உரமாகும், ஈரமும் தங்கும். காய்ந்ததென்று அதை வெட்டினால் செடியின் எருக்குழியையே எடுத்துவிடுகிறீர்கள். அதற்குள் மாதம் ஒருமுறை ஒரு பிடி மக்கிய இலை போடுங்கள், வேறு உரம் தேவையில்லை.

முதல் மூன்று மாதம் தினமும் காலையில் தண்ணீர் தெளியுங்கள். பிறகு கைவைத்துப் பார்த்து, நார் காய்ந்திருந்தால் மட்டும். கோடையில் பச்சை இலைகள் கொட்டினாலும் தண்டு கெட்டியாக இருந்தால் மழைக்குத் துளிர்க்கும்; அமுக்கினால் கொழகொழவென்றிருந்தால் அழுகல்.

இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில் இருந்தால் அவை பெரணி இனம் பெருக்கும் வித்துத்தூள் கொத்துகள், மருந்து அடிக்க வேண்டாம். தாறுமாறாக ஒட்டி, நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் செதில் பூச்சி. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.