ஒரு மாவுக்கட்டி மாத்திரை ஆன கதை

(திரையில்: அம்பாறை நகரத் தெரு, இரவு. சாப்பாட்டுக்கடை ஒன்றின் கல்லா.)

2018 பெப்ரவரி 26. இலங்கையின் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக்கடை. குழம்புக்குள் வெள்ளையாக ஒரு கட்டி கிடக்கிறது. சாப்பிட வந்தவர்கள் கல்லாவில் இருந்தவரைச் சுற்றி வளைக்கிறார்கள். இது மலட்டு மாத்திரைதானே, சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்கக் கூடாது என்றுதானே கலந்தாய் என்று கேட்கிறார்கள். கேள்வி சிங்களத்தில். அவருக்குச் சிங்களம் அரைகுறை. பயத்தில் ஏதோ சொல்லித் தலையாட்டுகிறார். அதை ஒருவர் கைபேசியில் பிடித்து பேஸ்புக்கில் போடுகிறார். அன்று இரவே கடையும் நகரத்துப் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன.

அந்தக் கட்டியை அரச பகுப்பாய்வாளர்கள் பரிசோதித்தார்கள். அது மாவு. ஒருவரைச் சாப்பாட்டின் மூலம் நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை.

ஆனால் அறிக்கை வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. வேறொரு சம்பவத்தில், கண்டிப் பக்கம் முஸ்லிம் இளைஞர்கள் அடித்ததில் காயப்பட்டிருந்த ஒரு சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3ஆம் திகதி இறந்தார். அது ஒரு கொலை வழக்கு. சந்தேகநபர்களும் கைதாகியிருந்தார்கள். ஆனால் தண்டனையை ஏற்றது கண்டி மாவட்டத்தில் திகனையைச் சுற்றியிருந்த முஸ்லிம் வீடுகளும் கடைகளும். அரசாங்கம் அவசரகாலச் சட்டம் போட்டது, சமூக ஊடகங்களை முடக்கியது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது 2020இல்தான்.

(திரையில்: 2012 – 2014 காலக்கோடு)

சரி, ஒரு மாவுக்கட்டியை மாத்திரை என்று இத்தனை பேர் எப்படி நம்பினார்கள்?

ஆறு வருடமாக நிலம் உழுது வைக்கப்பட்டிருந்தது. 2012இல் தொடங்கிய சிங்கள பௌத்த அமைப்பான பொது பல சேனா முதலில் ஹலால் முத்திரையைப் பிடித்துக்கொண்டது. 2013 மார்ச்சில், அதை வழங்கிவந்த மார்க்க அறிஞர்களின் ஜம்இய்யத்துல் உலமா சபை உள்நாட்டுச் சந்தையில் அந்த முத்திரையை விட்டுக்கொடுத்தது. பிரச்சாரம் அதோடு அடங்கவில்லை. முஸ்லிம் பெண்கள் அணியும் நீள அங்கியான ஹபாயா பக்கம் திரும்பியது. 2014 ஜூனில் அளுத்கமவில் அந்த அமைப்பின் பொதுச் செயலாளர் ஞானசார தேரர் பேசிய கூட்டத்தைத் தொடர்ந்து வீடுகளும் கடைகளும் எரிந்தன.

இந்த மேடைப் பேச்சுகளில் ஒரு உத்தி திரும்பத் திரும்ப வரும். அன்றாட விஷயம் ஒவ்வொன்றும் பாதுகாப்பு விஷயமாக மாறும். ஹலால் சாப்பாடு என்றால் தீவிரவாதத்துக்குப் பணம். ஹபாயா என்றால் உள்ளே குண்டு. பிள்ளை பிறந்தால் படையெடுப்பு. திருட்டு என்று ஒருவர் மேல் பழி போட்டால் யார், எப்போது, சாட்சி எங்கே என்று கேட்போம். நாட்டுக்கு ஆபத்து என்று ஒரு கூட்டத்தின் மேல் பழி போட்டால் அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. "நாளைக்கு நடக்கலாம்" என்பதே போதும்.

பிள்ளைப்பேற்றுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். குடிசன மதிப்பீட்டில் இஸ்லாமியரின் பங்கு 1981இல் 7.6 சதவீதம், 2012இல் 9.7 சதவீதம். முப்பது வருடத்தில் இரண்டு சதவீதப் புள்ளிதான் கூடியது. அதே காலத்தில் பௌத்தர்களின் பங்கும் 69.3இலிருந்து 70.1 ஆகக் கூடியது. குறைந்தது இந்துக்களின் பங்கு; காரணம் போரும் புலம்பெயர்வும்.

(திரையில்: கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம்)

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் இறந்தார்கள். கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் இறந்தவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். இது கட்டுக்கதையில்லை. செய்தவர்கள் முஸ்லிம்கள், சஹ்ரான் ஹாஷிமின் குழுவினர். இதை மழுப்பிவிட்டுப் பேசினால் மற்றதையும் நேர்மையாகப் பேச முடியாது.

ஆனால் சஹ்ரானைப் பற்றி முதலில் முறையிட்டவர்களும் முஸ்லிம்கள்தான். அவனுடைய சொந்த ஊரான காத்தான்குடியில் 2017 மார்ச்சில் அவனுடைய ஆட்கள் மோதலில் இறங்கினார்கள். அதன் பிறகு அவன் தலைமறைவானான். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. கோட்டை விட்டது அரசும் பாதுகாப்புத் துறையும். வேலை ஒழுங்காக நடக்காத அலுவலகத்தில் யாரைக் குறை சொல்லலாம் என்று தேடுவார்களே, அந்தத் தேடல் இப்போது தேச அளவில் தொடங்கியது.

மே மாதத்தில் ஹசலக பகுதியில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவருடைய உடையில் கப்பல் சுக்கான் சக்கரம் அச்சாகியிருந்தது. பொலிஸார் அதைப் பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரம் என்றார்கள். அவர் வாரக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தார். இதில் என்ன பாதுகாப்பு அச்சுறுத்தல் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மே 13 அன்று வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் பள்ளிவாசல்களும் கடைகளும் தாக்கப்பட்டன.

மே 23 அன்று, நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறையில் இருந்த ஞானசார தேரர் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். அதே நாள் "திவயின" நாளிதழின் முதல் பக்கத்தில் ஒரு செய்தி: முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார்.

அம்பாறையின் மாத்திரை இப்போது அறுவைக் கத்தியாகிவிட்டது. குருநாகல் வைத்தியர் மறுநாளே கைதானார். முதலில் கைது, பிறகுதான் முறைப்பாடு செய்யப் பெண்களுக்கு அழைப்பு. நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். பாவம், பிள்ளையில்லாத கவலையில் இருந்த பெண்கள் எத்தனை பேர் அதில்! சிசேரியனின்போதுதான் கருத்தடை செய்தார் என்றார்கள்; ஆனால் சிசேரியன் நடக்கும்போது வைத்தியர் தனியாக நிற்பதில்லை. மயக்க மருந்து கொடுப்பவர், தாதியர் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். கூட நின்றவர்களை விசாரித்த குற்றப் புலனாய்வுத் திணைக்களம், குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது. மூன்று வருடம் கழித்து நிலுவைச் சம்பளம் வந்தபோது, மருந்து வாங்குவதற்கு அதைச் சுகாதார அமைச்சுக்கே கொடுத்துவிட்டார்.

ஆனால் அதற்குள் அரசியல் தன் அறுவடையை முடித்துவிட்டது. பாராளுமன்ற உறுப்பினரான அத்துரலிய ரத்தன தேரர், முஸ்லிம் ஆளுநர்களை நீக்கக் கோரித் தலதா மாளிகை முன்னால் உண்ணாவிரதம் இருந்தார். ஜூன் 3 அன்று இரண்டு முஸ்லிம் ஆளுநர்கள் பதவி விலக, அரசாங்கத்தில் இருந்த முஸ்லிம் அமைச்சர்களும் கூட்டாக விலகினார்கள். முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதீர்கள் என்று பௌத்த பீடத் தலைவரான அஸ்கிரிய மகாநாயக்கரே சொன்னார். நவம்பரில் பாதுகாப்பை முன்னிறுத்திப் போட்டியிட்ட கோட்டாபய ராஜபக்ச 52 சதவீத வாக்குகளோடு ஜனாதிபதியானார்.

(திரையில்: பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகள்)

அடுத்து கொவிட். இம்முறை இறந்தவர்கள் அச்சுறுத்தலானார்கள். புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்று சொல்லி, கொவிட்டில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றது அரசாங்கம். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்றே வழிகாட்டியிருந்தது. 2020 டிசம்பரில், பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் ஜனாஸாவை, அதாவது உடலைக்கூட எரித்தார்கள். பொரளை மயான வேலியில் மக்கள் எதிர்ப்பைக் காட்ட வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில், பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து போன கையோடு, அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வெளியானது. நிலத்தடி நீர் அந்த வாரம் மட்டும் மாறிவிட்டதா என்ன? அப்போதும் சொந்த ஊர் மையவாடியில் இடமில்லை. எல்லா ஜனாஸாக்களையும் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்கு மன்னிப்புக் கேட்டது.

இதையெல்லாம் தமிழர்கள் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போக முடியாது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் சோதனைச்சாவடியில் முகம் மாறுவதை அனுபவித்த சமூகம் இது. அதே சமூகத்தின் பெயரால் போராடிய விடுதலைப் புலிகள், 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அதற்குச் சொல்லப்பட்ட நியாயம், அவர்களுக்குள் காட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது. சிலர் மேல் இருந்த சந்தேகத்துக்காகக் கைக்குழந்தையும் கிழவியும் புத்தளம் வரை போனார்கள். பாதுகாப்பு என்ற அதே வாதம்தான், தமிழில் சொல்லப்பட்டது.

(திரையில்: கொழும்பு உச்ச நீதிமன்றம்)

உயிர்த்த ஞாயிறன்று நாட்டின் பாதுகாப்பைக் கைவிட்டது யார் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று பெயர் பெயராகப் பதில் சொன்னது. முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. அன்றைய பொலிஸ் மா அதிபருக்கும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவருக்கும் தலா ஏழரைக் கோடி, பாதுகாப்புச் செயலாளருக்கு 5 கோடி, தேசிய புலனாய்வுத் தலைவருக்கு 1 கோடி. கையில் எச்சரிக்கை வந்தும் செயல்படாமல் இருந்தார்கள் என்பதே அவர்கள்மேல் வந்த தீர்ப்பு.