வாலாஜா சாலையில் வாங்கிய கடன்

"ஜனநாயகமும் முதலாளித்துவமும்: நண்பர்களா, பகைவர்களா?" என்று பட்டிமன்றம் மாதிரி ஒரு தலைப்பைக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் பேசி முடித்ததும் நடுவர் எழுந்து இரண்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு அது சரிப்படாது. நான் ஒரு கடன் கதை சொல்கிறேன். சேப்பாக்கத்துக்கு கிரிக்கெட் பார்க்கப் போகிற எல்லாரும் அந்தக் கதையைத் தாண்டித்தான் போகிறோம்.

வாலாஜா சாலை, ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரில் இருக்கிற சாலை. ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சேப்பாக்கம் அரண்மனை 1768இல் அவருக்காகக் கட்டியது. அதை வடிவமைத்தவர் பால் பென்ஃபீல்ட் என்று சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து மதராசுக்கு வந்தவர், கோட்டைச் சுவர் கட்டும் காண்ட்ராக்ட்டும் எடுத்தவர். சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுன். அதே ஆள் 1776இல், தஞ்சாவூர்ச் சீமையின் வரியிலும் வயலில் நின்ற பயிரிலும் தனக்கு 2,30,000 பவுனுக்கு மேல் வரவேண்டியிருக்கிறது என்று கணக்கை நீட்டினார். எப்படி வந்தது இவ்வளவு?

நவாப் கம்பெனிக்குப் படைச்செலவு பாக்கி வைத்திருந்தார். அதைக் கட்டக் கையில் காசில்லை. கம்பெனியில் வேலை பார்த்தவர்களே தனிப்பட்ட முறையில் அவருக்குக் கடன் கொடுத்தார்கள், அதை அவர் அவர்களுடைய முதலாளிக்கே கட்டினார்! ஈடாக அவர் எழுதிக் கொடுத்தது ஊர்களின் வரி. அதாவது வட்டி கட்டியது நவாப் இல்லை, உழுதவன். 1773இல் கம்பெனிப் படையை வைத்துத் தஞ்சாவூரை நவாப் பிடித்தார், பிடித்த கையோடு அதன் விளைச்சலும் கடன்காரர்கள் கைக்குப் போனது.

கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் தஞ்சாவூரை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆளுநர் பிகட் பிரபுவை அனுப்பினார்கள். அவர் கொடுத்தார். கடன்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஆளுநர் சபையில் பெரும்பான்மை அவர்கள் பக்கம் நின்றது. 1776 ஆகஸ்டில் ஆளுநரையே கைது செய்து பரங்கிமலையில் வைத்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் காவலிலேயே இறந்துபோனார். கடனை வசூலிப்பதற்காக ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்த சம்பவம், நம்ம ஊரில், 250 வருஷத்துக்கு முன்னால்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. மதராஸ் என்ன தீர்மானித்தாலும் கடைசி முடிவு லண்டன் பாராளுமன்றத்துடையது. பென்ஃபீல்ட் அந்தப் பாராளுமன்றத்தை எதிர்த்து மல்லுக்கட்டவில்லை. 1780இல் இங்கிலாந்தில் கிரிக்லேட் என்ற ஊரிலிருந்து அவரே அங்கே உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார். அவர் ஒருத்தர் மட்டும் இல்லை, எட்டு உறுப்பினர்களை அவர் உண்டாக்கினார் என்று இன்னொரு உறுப்பினர் எட்மண்ட் பர்க் அவையிலேயே குற்றம்சாட்டினார்.

அன்றைக்கு அது அவ்வளவு கஷ்டமான காரியமும் இல்லை. ஓல்ட் சேரம் என்று ஒரு தொகுதி. ஆள் குடியில்லாத வெறும் மேடு, வாக்காளர் என்று சொல்லிக்கொள்ள ஏழு பேர், உறுப்பினர்கள் இரண்டு பேர். இந்திய வணிகத்தில் சம்பாதித்த தாமஸ் பிட் அந்த மேட்டை விலைக்கு வாங்கி வைத்திருந்தார். பின்னாளில் மதராஸ் ஆளுநராக வந்தவர் இவர்தான். இவருடைய கொள்ளுப்பேரன் இளைய பிட்தான் 1785இல் பிரதமர். நவாப் கடனை விசாரிக்கச் சட்டத்தில் இடம் இருந்தும், விசாரிக்காமலே கர்நாடகத்து (இன்றைய கர்நாடகம் இல்லை, நவாப் ஆண்ட சீமைக்கு அன்றைக்கு அந்தப் பெயர்) வரியிலிருந்து அடைக்கச் சொன்னது அவருடைய அரசாங்கம்தான்.

அதை எதிர்த்து 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் பல மணி நேரம் பேசினார். ஹைதர் கலாபம் என்று தஞ்சாவூர்ப் பக்கம் சொல்வார்களே, மைசூர் ஹைதர் அலியின் அந்தப் படையெடுப்பில் கருகிப்போன நாட்டை வர்ணித்து, அந்தச் சாம்பலிலிருந்தா வட்டி எடுக்கப் போகிறீர்கள் என்ற தோரணையில் கேட்டார். ஓட்டெடுப்பில் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். பர்க்கை மகான் ஆக்கிவிடாதீர்கள். அவருடைய நெருங்கிய கூட்டாளி வில்லியம் பர்க், தஞ்சாவூர் மன்னருக்கு லண்டனில் ஏஜென்ட். பர்க் உட்கார்ந்திருந்த மால்ட்டன் சீட்டும் ஒரு பிரபுவின் சட்டைப்பையில் இருந்த சீட்டுதான். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி: கணக்கைக் காட்டு, அப்புறம் கொடுக்கலாம். கர்நாடகத்தை 1801இல் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு, நவாப் தரவேண்டும் என்று கேட்டு வந்த மற்றக் கடன்களை ஆணையர்கள் உட்கார்ந்து சல்லடை போட்டார்கள். 3 கோடி பவுனுக்கு மேல் கேட்டிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடனாகத் தேறவில்லை.

சரி, கிரிக்லேட் என்ன ஆனது? அங்கே ஓட்டு விலைபோவது நாறிப்போய், 1782இல் ஒரு சட்டம் போட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் நிலம் வைத்திருந்தவர்களுக்கும் அந்தத் தொகுதியில் ஓட்டு என்றார்கள். கூட்டத்தைப் பெருக்கிவிட்டால் எத்தனை பேருக்குத்தான் காசு கொடுப்பான் என்ற கணக்கு. 1832இல் ஓல்ட் சேரமும் ஒழிந்தது. பணத்துக்கு எதிராக ஜனநாயகம் கண்டுபிடித்த உருப்படியான மருந்து இந்த ஒன்றுதான் என்பது என் எண்ணம். இதற்கு நேர் எதிராகக் கம்பெனியின் பங்குதாரர் சபையைப் பாருங்கள். 1773க்குப் பிறகு அங்கே 1,000 பவுன் பங்குக்கு ஒரு ஓட்டு, 10,000 பவுனுக்கு நான்கு ஓட்டு. அங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, விலையை வாசலிலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

நாம் 1950இலேயே அந்த மருந்தை முழுசாகக் குடித்துவிட்டோம், வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டு. அப்படியானால் பணம் எங்கே போகும்? ஒரு மக்களவைத் தொகுதியில் பதினைந்து லட்சம் பேர் இருந்தால் ஓட்டுக்குப் பணம் கொடுப்பது வீண்செலவு. கொடுக்கிறார்கள், தெரியும், 2009 திருமங்கலம் இடைத்தேர்தலை யார் மறப்பார்? ஆனால் அது சில்லறை வியாபாரம். மொத்த வியாபாரி வாக்காளரைத் தேடி வரமாட்டான், கட்சி ஆபீசுக்குப் போவான். தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளர் செலவுக்கு 95 லட்சம் ரூபாய் உச்சவரம்பு உண்டு, கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. கதவு எங்கே திறந்திருக்கிறது என்று பணத்துக்கா தெரியாது?

2017இல் அந்தக் கதவில் ஒரு திரையும் தொங்கவிட்டார்கள். தேர்தல் பத்திரம். ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி வரை மதிப்புள்ள பத்திரம் வாங்கலாம், கட்சி 15 நாளுக்குள் அதைக் காசாக்கலாம், கொடுத்தவர் பெயர் வெளியே வராது. லாபத்தில் 7.5 சதவீதம்தான் நன்கொடை தரலாம் என்று கம்பெனிச் சட்டத்தில் இருந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள், நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியும் கொடுக்கலாம். கொடுக்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாமலா இருக்கும், தெரியாதது ஓட்டுப்போடுகிற நமக்குத்தான். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக இது செல்லாது என்றார்கள். யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி காசாக்கியது என்ற விவரம் தர ஜூன் 30 வரை, அதாவது தேர்தல் முடியும் வரை, அவகாசம் கேட்டது வங்கி. முடியாது என்று மார்ச் 11 அன்று நீதிமன்றம் சொன்னதும் மறுநாளே கொடுத்துவிட்டது!

பட்டியலில் முதலிடம், கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனத்துக்கு, 1,368 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003இலேயே தடை. அந்த நிறுவனத்திடமிருந்து திமுகவுக்கு வந்தது 509 கோடி, கட்சியே சொன்ன கணக்கு. வெளியான மொத்தத் தொகையில் ஏறக்குறைய பாதி பாஜகவுக்குப் போயிருந்தது. கொடுத்ததும் வாங்கியதும் அன்றைய சட்டப்படி சரி. பென்ஃபீல்ட் சீட்டு வாங்கிய வழியும் அன்றைக்குப் பழகிப்போன வழிதான்.

பத்திரம் போய்விட்டது. இப்போதும் 20,000 ரூபாய் வரை கொடுப்பவரின் பெயரைக் கட்சி சொல்ல வேண்டியதில்லை, கட்சியின் செலவுக்கு வரம்பும் இன்னும் வரவில்லை. சேப்பாக்கம் அரண்மனையில் இன்றைக்கு அரசு அலுவலகங்கள் நடக்கின்றன. பென்ஃபீல்ட் 1810இல் பாரிசில் கையில் காசில்லாமல் செத்துப்போனார். அப்போதும் ஆணையர்கள் நவாப் எழுதிக்கொடுத்த கடன் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.